சாக்கடைத் தண்ணிக் கீரை: நாம போட்ட கார்டும், அக்கா கேட்ட கேள்வியும்

நமது தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பயிலரங்கில் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம்.



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கழிவுநீர்ப் பாசனமும் உடல்நலமும்'. அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். ரெண்டு மாசம் முன்னாடி நம்ம பக்கத்தில் ஒரு கார்டு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? கறுப்புப் பின்னணி, நுரை பொங்கும் வாய்க்கால் படம், கீழே சிவப்பு எழுத்தில் 'நீங்கள் சாப்பிடுவது கீரையா, விஷமா?' உங்களில் நிறைய பேர் ஷேர் பண்ணீங்க. அதை டிசைன் செஞ்சவன் நான்தான். ராத்திரி பதினோரு மணிக்கு, அரை மணி நேரத்தில் செஞ்சது. சிவில் என்ஜினீயரிங் படிச்சவன், சுற்றுச்சூழல் பொறியியல் பேப்பரை நல்ல மார்க்கில் பாஸ் பண்ணினவன். ஆனா அன்னைக்கு ஒரு நம்பரைக்கூடத் தேடிப் பார்க்கல.

மூணாவது நாள் இன்பாக்ஸில் ஒரு வாய்ஸ் மெசேஜ். கோவைக்குக் கிழக்கே அரை ஏக்கரில் கீரை போடுற ஒரு அக்கா. திட்டவே இல்ல. "ஏந்தம்பி, நீங்க போட்ட படத்த யாவாரி போன்ல காட்டிக் கட்டுக்கு ரெண்டு ரூவா கொறச்சுட்டாருங்க. எங்க கெணத்துத் தண்ணி உப்பு, கட்டுனா பாத்தி வெளுத்துப் போகுது. வாய்க்கால்ல டவுன்ல இருந்து வர்றது இந்தத் தண்ணிதான். இது ஆகாதுன்னா எது ஆகும்னு அதையும் சேத்துப் போட்டிருக்கலாமில்லீங்க?"

அவங்களுக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்ல. இந்த ரெண்டு மாசமா அதைத் தேடினதுதான் இன்னைக்கு நான் பேசப்போறது.

முதல்ல, விவசாயி ஏன் இந்தத் தண்ணியை எடுக்கிறார்? தெரியாமல் எடுக்கிறார்னு நினைச்சா நாமதான் ஏமாளி. மழை பொய்க்கலாம், அணை திறக்காமல் போகலாம், ஆனா நகரம் தினமும் குளிக்கும், துவைக்கும், கக்கூஸ் போகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர், அதாவது 28 சதவீதம். மீதி எல்லாம் ஏதோ ஒரு ஓடையில், ஏதோ ஒரு குளத்தில், அங்கிருந்து ஏதோ ஒரு வயலில் போய் நிற்குது.

அதில் சத்தும் இருக்கு. ஒரு கணக்குப் போடலாம், போனில் கால்குலேட்டர் எடுங்க. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குலம் உயரத்துக்குத் தண்ணி நின்னா அது சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். வீட்டுச் சாக்கடைத் தண்ணியில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு நைட்ரஜன் இருப்பது சாதாரணம். பெருக்கினால் 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல நைட்ரஜன். யூரியாவில் 46 சதவீதம்தான் நைட்ரஜன், அதனால இது 9 கிலோ யூரியாவுக்குச் சமம். அஞ்சு தடவை அப்படித் தண்ணி கட்டினா ஒரு மூட்டை யூரியா, 45 கிலோ, கைக்காசு செலவில்லாமல் வயலுக்கு வந்துடுது. பாஸ்பரஸ், பொட்டாஷ் தனி. கீரை ஏன் அவ்வளவு கரும்பச்சையா வருதுன்னு இப்ப புரியுதா?

(அதே நைட்ரஜன் அளவுக்கு மீறிப் போனா பயிர் தழைச்சுக்கிட்டே இருக்கும், காய் பிடிக்காது. மண்ணுக்குள்ள இறங்கிக் குடிநீர்க் கிணற்றில் நைட்ரேட்டா சேரும். குடிநீரில் அதுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதைக் கவனிக்கணும்.)

இப்ப ஆபத்துக்கு வருவோம். நம்ம கார்டு பண்ணின பெரிய தப்பு, எல்லா ஆபத்தையும் 'விஷம்' என்ற ஒரே வார்த்தையில் போட்டு மூடினது. உண்மையில் இங்கே ரெண்டு வேற வேற ஆபத்து இருக்கு. ஒண்ணு கிருமி. இன்னொண்ணு உப்பும் உலோகமும். ஒண்ணுக்கான மருந்து இன்னொண்ணுக்கு வேலை செய்யாது.

கிருமியை முதல்ல பார்ப்போம். சுத்திகரிக்காத சாக்கடைத் தண்ணியில் 100 மில்லி எடுத்தா அதில் மலத்திலிருந்து வரும் பாக்டீரியா ஒரு கோடி, சில சமயம் பத்து கோடிகூட இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1989-இல் சொன்ன வரம்பு, பச்சையாகச் சாப்பிடும் பயிருக்கு 100 மில்லிக்கு ஆயிரம். ஒரு கோடி எங்கே, ஆயிரம் எங்கே! பத்தாயிரம் மடங்கு குறையணும். இது வெறும் பயமுறுத்தல் இல்ல. 1970-இல் ஜெருசலேம் நகரத்தில் காலரா பரவினப்ப, சாக்கடைத் தண்ணியில் விளைந்த சாலட் காய்கறிகள்தான் வழியா இருந்துச்சு. 1991-இல் தென் அமெரிக்கா முழுக்கக் காலரா வந்தப்ப, சிலி நாட்டின் சாண்டியாகோவில் சாக்கடைத் தண்ணியில் காய்கறி போடுவதைத் தடுத்தாங்க. காலரா அடங்கினதோட, பல வருஷமா அந்த ஊரைப் பிடிச்சிருந்த டைபாய்டும் சரிஞ்சுது.

ஆனா கவனிங்க, கிருமிக்கு ஆயுசு இருக்கு. வெயில் பட்டாச் சாகும், காய்ஞ்சாச் சாகும், வெந்தாச் சாகும். உலக சுகாதார நிறுவனமே 2006-இல் தன் வழிகாட்டுதலை மாத்தி எழுதினப்ப, எல்லாச் சுமையையும் சுத்திகரிப்பு நிலையத்தின் தலையில் வைக்காதீங்க, வயலிலும் சந்தையிலும் அடுப்படியிலும் பிரிச்சுக் குறைங்கன்னு சொல்லுச்சு. சொட்டுநீர் போட்டா பயிரில் ஒட்டும் கிருமி 100 மடங்கு குறையும், தரையைத் தொடாத காயா இருந்தா 10,000 மடங்கு வரைக்கும்கூடக் குறையும். கடைசித் தண்ணிக்கும் அறுவடைக்கும் நடுவில் விடும் ஒவ்வொரு நாளும், வெயிலைப் பொறுத்து 3 மடங்கிலிருந்து 100 மடங்கு வரை குறையும். நல்ல தண்ணியில் அலசினா பத்தில் ஒண்ணு மிஞ்சும். தோல் சீவினா நூறில் ஒண்ணு. நல்லா வேகவைச்சா பத்து லட்சத்தில் ஒண்ணு மிஞ்சினாலே அதிகம்.

இப்ப உங்க வீட்டு அடுப்படியை நினைச்சுப் பாருங்க. நாம கார்டில் விஷம்னு போட்ட கீரையை யாரும் பச்சையாத் தின்னல, வேகவைச்சுக் கடைஞ்சுதான் சாப்பிடுறோம். ஆனா ரசத்தை இறக்கினப்புறம் மேல தூவுற கொத்தமல்லி? பச்சையா அரைக்கிற புதினாச் சட்னி? வெள்ளரிக்காய், கேரட், தள்ளுவண்டியில் நறுக்கி வெச்ச வெங்காயம்? பயப்பட வேண்டிய பட்டியலே வேற. நான் படம் போட்டது அரைக்கீரைக்கு!

புழு முட்டை விஷயத்தைத் தனியாச் சொல்லணும், ஏன்னா அதிகாரிகள் இதில் அடிக்கடி குளோரினைக் காட்டி முடிச்சுடுறாங்க. உருண்டைப்புழுவின் முட்டை குளோரினுக்கு அசையாது. மண்ணில் மாசக்கணக்கில் உயிரோட கிடக்கும். ஆனா அதுக்கு ஒரு பலவீனம் உண்டு, கனமா இருக்கும், அடியில் படிஞ்சுடும். அதனால வரிசையா நாலு குட்டை வெட்டி, தண்ணியைச் சில வாரம் மெதுவா நகர விட்டாலே முட்டை அடியில் தங்கிடும், வெயிலில் பாக்டீரியாவும் செத்துடும். கரன்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், நிலம் மட்டும் வேணும். விலை உயர்ந்த நிலையத்தை டெண்டர் விட்டுக் கட்டுறவங்களுக்கு இதில் ஆர்வம் இருக்காது, அது வேற கதை.

சாப்பிடுறவங்களைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கோம். முதல் ஆபத்து யாருக்கு? அந்தத் தண்ணியில் காலை வெச்சு நிற்கிறவங்களுக்கு. களை எடுக்கிறது, நடவு நடுறது, கீரை அறுக்கிறது பெரும்பாலும் பெண்கள், வெறுங்காலோட. கொக்கிப்புழுவின் குஞ்சு பாதத்துத் தோல் வழியா உள்ளே போய்க் குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். ஏற்கெனவே ரத்தசோகை இருக்கிற பொண்ணுக்கு இது என்ன செய்யும்னு உங்க ஊர் நர்சம்மாவைக் கேளுங்க. ஃபிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாள்னு பள்ளியில் குழந்தைகளுக்கு மாத்திரை கொடுக்கிறாங்க, நல்ல திட்டம். ஆனா 19 வயசோட அந்த நாள் முடிஞ்சுடுது. சாக்கடைத் தண்ணியில் வேலை செய்யும் 40 வயசு அம்மாவுக்கு யார் கொடுக்கிறது? பூட்ஸ் போடச் சொல்லலாம்னு நினைக்கிறோம். நானும் அக்காகிட்ட அதைச் சொன்னேன். "சேத்துல ஒரு வாட்டி போட்டுப் பாருங்க தம்பி, கால் வரும், பூட்ஸ் வராது"ன்னு சிரிச்சாங்க.

ஆக, கிருமி பெரிய ஆபத்துதான். ஆனா அதை நாளும் வெயிலும் அடுப்பும் குறைக்கும்.

உப்பு அப்படி இல்ல. அதே கால்குலேட்டரை மறுபடி எடுங்க. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு கரைஞ்ச தண்ணியை ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் கட்டினா, அந்த ஏக்கரில் இறங்குற உப்பு 200 கிலோவுக்கு மேல. அஞ்சு தடவை கட்டினா ஒரு டன். ஒரு பக்கம் ஒரு மூட்டை யூரியா இலவசம், இன்னொரு பக்கம் ஒரு டன் உப்பு. தண்ணி ஆவியாகும், பயிர் உறிஞ்சும், உப்பு அங்கேயே நிற்கும். வேகவைச்சாப் போகாது, வெயிலில் சாகாது. நல்ல மழை பெய்து அடி மண்ணுக்குக் கழுவிக்கொண்டு போனாத்தான் உண்டு, அப்பவும் அது நிலத்தடி நீரில்தான் போய்ச் சேரும்.

அதிலும் சோடியம் உப்பு மோசம். களிமண் துகள்களைக் கால்சியம் கட்டிப் பிடிச்சு வெச்சிருக்கும். சோடியம் அந்த இடத்தைப் பிடிச்சதும் துகள் பிரிஞ்சு, ஈரத்தில் கூழாகி, காய்ஞ்சா ஓடு மாதிரி இறுகிடும். மேல தண்ணி நிற்கும், வேருக்கு இறங்காது. நம்ம பெரியவங்க களர், உவர்னு சொல்றது இதைத்தான்.

பயிருக்குப் பயிர் இது மாறும். பீன்ஸ், கேரட், வெங்காயம் எல்லாம் கொஞ்சம் உப்புக்கே சுருண்டுடும். பருத்தி தாங்கும். அதனால 'இந்தத் தண்ணி நல்லதா கெட்டதா'ன்னு பொதுவாக் கேட்கிறதே தப்பு. எந்தப் பயிருக்கு, எந்த மண்ணுக்குன்னு கேட்கணும்.

இதைப் படிக்க நாம வெளிநாடு போக வேண்டாம். நம்ம நொய்யல் இருக்கு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு தாண்டிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஒரு அணை திறந்தாங்க. ஈரோடு, கரூர் பக்கம் 10,000 ஏக்கருக்கு மேல பாசனம் தரும்னு சொல்லிக் கட்டினது. சில வருஷத்திலேயே அது திருப்பூர்ச் சாயத் தண்ணி தேங்குற தொட்டியா ஆயிடுச்சு. பருத்தித் துணியில் சாயம் ஏறணும்னா உப்பு வேணும், சோடியம் சல்பேட்டோ சாதாரண உப்போ. அந்த உப்பு துணியில் தங்குறது இல்ல. துணிக்குச் சாயத்தை ஒட்டவைச்சிட்டு, கிட்டத்தட்ட முழுசாவே தண்ணியோட வெளியே வந்துடும். அப்படி வந்த பல ஆயிரம் மில்லிகிராம் உப்புத் தண்ணி வருஷக்கணக்கா அணையில் நின்னுச்சு, சுத்தியிருந்த கிணற்றில் இறங்குச்சு.

பாசனத்துக்குக் கட்டின அணையில் தண்ணி தேக்காதீங்கன்னு ஆயக்கட்டு விவசாயிகளே நீதிமன்றத்துக்குப் போனாங்க. இப்படி ஒரு வழக்கு வேற எங்காவது நடந்திருக்குமா, யோசிச்சுப் பாருங்க. 2006-இல் உயர் நீதிமன்றம், 2009-இல் உச்ச நீதிமன்றம், ரெண்டும் விவசாயிகள் பக்கம் நின்னுச்சு. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறைக்குப் பட்டறைகள் மாறணும்னு கெடு வெச்சாங்க. கெடு மேல கெடு போச்சு. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்னுச்சு. விவசாயி ஜெயிச்சார், சரி. ஆனா அந்த மாசம் சம்பளம் இல்லாமல் ஊருக்கு பஸ் ஏறின தொழிலாளி என்ன தப்பு பண்ணினார்? இருபது வருஷம் கண்ணை மூடிக்கிட்டு இருந்த நிர்வாகத்தின் கணக்கை, விவசாயியும் தொழிலாளியும் ஆளுக்குப் பாதியா அடைச்சாங்க. நம்ம ஆளுங்க சில பேர் இன்னமும் இதை 'விவசாயியா, பனியனா'ன்னு ஒரு சண்டையா எழுதுறீங்க. தயவுசெய்து அப்படி எழுதாதீங்க.

பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே, மாசுபடுத்தினவர்தான் ஈடு கட்டணும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதின்னு சொல்லிடுச்சு. நொய்யலில் அது நடப்புக்கு வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு நீங்களே பாருங்க.

உலோகம் பத்திச் சுருக்கமாச் சொல்றேன். ஜப்பானில் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவோட காட்மியம் கலந்துச்சு. அந்த ஆற்றுத் தண்ணியில் விளைஞ்ச அரிசியைச் சாப்பிட்டவங்களுக்கு எலும்பு தானா ஒடியுற நோய் வந்துச்சு. பேரே 'இட்டாய் இட்டாய்', 'வலிக்குது வலிக்குது'ன்னு அர்த்தம். 1968-இல் அந்த அரசாங்கம் காரணத்தை ஒத்துக்கிச்சு. பாசனத் தண்ணியில் காட்மியம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் சொல்லுது. முலாம் பூசுற பட்டறை, பேட்டரி உடைக்கிற இடம் இருக்கிற ஓடையில் கீரை வளர்ந்தா, அங்கே நம்ம கார்டு சொன்ன வார்த்தை பொருந்தும். கீரை வகைகள் காட்மியத்தை இலைக்கு இழுக்கும். வேகவைச்சாலும் போகாது.

இப்ப அரசியலுக்கு வர்றேன். 2017-இல் மத்திய அரசு நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஓர் அளவுகோல் அறிவிச்சுது. அமில காரத் தன்மை, பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மல கோலிபார்ம். அதில் உப்பு இல்ல. புழு முட்டையும் இல்ல. இன்னொரு பக்கம், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஏ முதல் ஈ வரை வகை பிரிச்சிருக்கு. பாசனத்துக்கான வகை 'ஈ'. அதில் அமில காரத் தன்மை, உப்பை அளக்கும் மின்கடத்துத் திறன், சோடிய விகிதம், போரான் இந்த நாலும் இருக்கு. கிருமி பத்தி ஒரு வரி இல்ல!

ஒரு அதிகாரி நினைச்சா என்ன செய்யலாம், பாருங்க. உப்புக்காக விவசாயி சண்டை போட்டா, பி.ஓ.டி. பாஸ் ஆன ரிப்போர்ட்டைக் காட்டலாம். டைபாய்டுக்காக ஊர் சண்டை போட்டா, 'ஈ' வகைக்குத் தகுதின்னு காட்டலாம். ரெண்டு காகிதமும் உண்மைதான். ஆனா வயலில் நிற்கிறவருக்கு ரெண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் வேணும். அதைக் கேட்கிறதுதான் நம்ம வேலை. நுரை படம் போட்டு லைக் வாங்குறது இல்ல.

நாம வைக்கிற கோரிக்கையும் 'கழிவுநீர்ப் பாசனத்தைத் தடை செய்' என்று இருக்கக் கூடாது. தடை போட்டா அக்கா எங்கே போவாங்க? இஸ்ரேல் தன் கழிவுநீரில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சுத்தம் பண்ணி வயலுக்குத்தான் விடுது. ஆனா அதுக்காக அவங்க சாக்கடையில் என்ன விழணும், என்ன விழக் கூடாதுன்னு மேலேயே அணை போட்டாங்க. துணி துவைக்கிற தூளில் எவ்வளவு போரான் இருக்கலாம்னுகூட வரம்பு கட்டினாங்க, ஏன்னா அது கடைசியில் தோட்டத்துக்கு வரும்னு தெரியும். நம்ம ஊரில் கேட்க வேண்டியதும் அதுதான். வீட்டுச் சாக்கடை போற குழாயில் பட்டறைத் தண்ணி கலக்கக் கூடாது. கலந்துட்டா அப்புறம் எந்தக் குட்டையும் எந்தக் குளோரினும் அதைப் பிரிக்காது. பிரிக்கிற மெஷின் இருக்கு, எதிர் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலனும். அதை வெச்சுத்தான் திருப்பூர்ப் பட்டறைகள் மறுபடி ஓடுச்சு. ஆனா அது பட்டறையின் வாசலிலேயே, பட்டறையின் செலவில் நடக்கணும். ஊரெல்லாம் கலந்து ஓடினப்புறம் ஒரு நகராட்சியால் அது ஆகாது.

கலந்திருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி சொல்றேன். வீட்டுக் குடிநீருக்கு ஆர்.ஓ. மாட்ட வர்றவர் ஒரு பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் வெச்சிருப்பார் இல்லையா, அதுவே போதும். சில நூறு ரூபாய்தான். ஒரு ஊர் தண்ணியைக் குடிச்சு, குளிச்சு, துவைச்சு வெளியே விடும்போது உப்பு லிட்டருக்கு 150-லிருந்து 400 மில்லிகிராம் வரை கூடுறது சாதாரணம். குழாயில் 300 வந்து, சாக்கடையில் 700 போனா அது வீடுதான். குழாயில் 300 வந்து, சாக்கடையில் 2,500 போனா வேற யாரோ சேர்க்கிறாங்க. ஊரே உப்பு போர் தண்ணியில் குளிச்சாலும் கூடும், அதனால போர் தண்ணியையும் அளந்துட்டுப் பேசுங்க. பாசனத்துக்கு உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்கு இது: 450-க்குக் கீழே கவலை இல்ல, 450 முதல் 2,000 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துக் கட்டணும், 2,000-க்கு மேல போனா ஆபத்து.

ஒரு எச்சரிக்கை. மீட்டர் உப்பை மட்டும்தான் பார்க்கும். 200 காட்டுற தண்ணியிலும் டைபாய்டு இருக்கலாம். அதுக்கு ஆய்வகம்தான்.

நான் ஒரு மீட்டர் வாங்கிக்கிட்டு அந்த அக்கா தோட்டத்துக்குப் போனேன். வாய்க்கால் தண்ணியில் 1,150 காட்டுச்சு. பக்கத்தில் அவங்க கட்டாமல் விட்ட கிணற்றில் 2,600. ரெண்டு தடவை அளந்தேன். கிணறு ஏன் அப்படி ஆச்சுன்னு மீட்டர் சொல்லாது. ஆனா எது பாத்தியை வெளுக்க வைக்கும்னு மீட்டர் இல்லாமலே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 'நல்ல கிணற்றுத் தண்ணி, கெட்ட சாக்கடைத் தண்ணி'ன்னு நான் மனசில் வெச்சிருந்தது அந்த வரப்பில் நின்னப்ப தலைகீழா ஆயிடுச்சு.

ஒண்ணு மட்டும் அவங்க செய்யறது சரியில்லைன்னு தோணுச்சு, சொன்னேன். அறுத்த கட்டை மண் போக அதே வாய்க்காலில் முக்கி எடுத்துத்தான் வண்டியில் ஏத்துறாங்க. வெயில் ரெண்டு நாளாக் கொன்ன கிருமியை, சந்தைக்குப் போற காலையில் திரும்ப ஏத்துற மாதிரி. "அப்ப எதுல அலசறதுங்க?" என்றாங்க. அது நியாயமான கேள்வி. தோட்டத்துக்கு ஒரு நல்ல தண்ணிக் குழாய், சந்தையில் ஒரு அலசுற தொட்டி. இதைக் கட்ட எந்த உலக வங்கிக் கடனும் வேண்டாம், ஒரு ஊராட்சியால் ஆகும். நம்ம கட்சி உறுப்பினர்கள் இருக்கிற உள்ளாட்சிகளில் முதல்ல இதைச் செய்யுங்க, அப்புறம் மத்தவங்களைக் கேட்போம்.

வேலை என்னன்னு சொல்லிடுறேன். உங்க ஊருக்குக் கழிவுநீர் வர்ற வாய்க்காலோ குளமோ இருந்தா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க. மேலே இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்தின் இசைவாணை நகல், கடைசி 12 மாச ஆய்வு முடிவு, உப்பும் சோடியமும் அளந்தாங்களா, அந்தக் குழாயில் தொழிற்சாலைக் கழிவுக்கு அனுமதி இருக்கா. இவ்வளவு கேட்டாப் போதும். 30 நாளில் பதில் தரணும். பதில் வந்ததும் கிராம சபையில் வைங்க. தண்ணி வெளியேறும் மதகுப் பக்கத்திலேயே அந்த மாசத்து உப்பு, சோடியம், கிருமி, புழு முட்டை அளவைத் தமிழில் எழுதிப் பலகை வைக்கணும்னும், வயலில் இறங்கி வேலை செய்யற பெரியவங்களுக்கும் புழு மாத்திரை கொடுக்கணும்னும் தீர்மானம் போடுங்க. மார்ச் 22 தண்ணீர் தினத்துக் கிராம சபை இதுக்குச் சரியான நாள்.

இதை எல்லாம் பேசினா 'உங்க கட்சி பக்கமே தப்பாப் போட்டுச்சு'ன்னு அந்தப் பக்கத்து ஐ.டி. விங் ஸ்கிரீன்ஷாட் எடுப்பாங்க. எடுக்கட்டும். தப்பாத்தான் போட்டோம்.

பழைய கார்டை நம்ம பக்கத்திலிருந்து எடுத்தாச்சு. ஷேர் பண்ணினவங்க உங்க பக்கத்திலிருந்தும், குடும்ப குரூப்பிலிருந்தும் எடுத்துடுங்க. புது கார்டு ரெடியா இருக்கு. எதைப் பச்சையாச் சாப்பிடும்போது கவனம் வேணும், எதை வேகவைச்சாப் போதும், எந்த ஓடையில் எதையுமே விளைவிக்கக் கூடாதுன்னு மூணு வரி. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கேன். பார்த்துட்டு எழுத்து சின்னதா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. பெருசாக்கினதும் பதிவாகும்.